பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டில என்ன செய்றது: விழுந்த கைக்குத் திரும்ப வேலை பழக்கிற விதம்

எங்கட அப்பாவுக்குப் பாரிசவாதம், அதான் ஸ்ட்ரோக், வந்து, வார்ட்டில துண்டு வெட்டி வீட்ட கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு எங்களிட்ட இருந்தது ஒரு பை குளிசையும் அடுத்த கிளினிக் திகதியும் தான். வலது கை, வலது கால், கதை மூண்டும் போயிருந்திச்சு. இளந்தாரியா இருக்கேக்க திருகோணமலை நிலாவெளிக் கரையில கரைவலை இழுத்த கை, பிறகு வயசு போற வரைக்கும் வலை பொத்தின கை, கட்டில்ல வேற ஆரிண்டையோ சாமான் மாதிரிக் கிடந்திச்சு. இப்ப ரெண்டு வருசமாகுது. இந்த ரெண்டு வருசத்துல நாங்க பிழையா செஞ்சு பிறகு திருத்தினது, உடற்பயிற்சி குடுக்கிற பிசியோ மிஸ் சொல்லித் தந்தது, தேடி வாசிச்சு விளங்கினது எல்லாத்தையும் இப்பதான் இதுக்குள்ள கால் வைக்கிற குடும்பங்களுக்கு எண்டு எழுதுறன். நான் டொக்டர் இல்ல. உங்கட ஆளுக்கு எது சரி எண்டு அவரைப் பாக்கிற டொக்டரும் பிசியோவும் தான் சொல்லணும், ஆனா அவங்க பாக்கிறது கிழமையில கொஞ்ச நேரம், மிச்ச நேரம் முழுக்க கூட இருக்கப் போறது நீங்க.

முதல்ல மூளைக்குள்ள என்ன நடந்திருக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்க

மனுசன்ட மூளையில கிட்டத்தட்ட 8600 கோடி நரம்புக் கலம் இருக்கு. ஸ்ட்ரோக்ல ரத்தம் போகாம செத்த கலம் திரும்ப முளைக்காது, இத மறைச்சுப் பிரயோசனம் இல்ல. ஆனா செத்த இடத்தைச் சுத்தி வீங்கிப்போய் மயங்கிக் கிடக்கிற பகுதி ஒண்டு இருக்கு, அது முதல் கிழமைகள்ல தானாவே கொஞ்சம் கொஞ்சமா எழும்பும், அதாலதான் ஆரம்பத்துல சில பேருக்கு நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியுது. அதுக்குப் பிறகு வாறது வேற கதை, மிச்சமிருக்கிற நல்ல கலங்கள் தங்களுக்குள்ள புதுத் தொடுப்புப் போட்டு போன வேலையைப் பாரமெடுக்கிறது.

எங்கட பக்கத்துக் கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முதல் அந்தத் தண்ணியைப் பாதையில, அதான் ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவையில, ஏறித்தானே கடந்தம். வரிசையில நிண்டு, மெதுவா, நேரம் செலவாகித்தான் போகும், எண்டாலும் அக்கரை சேரலாம். ஸ்ட்ரோக் வந்த மூளையும் அப்பிடித்தான், பாலம் உடைஞ்சிட்டுது, இனிப் பாதை ஓடணும். ஆள் ஏறினாத்தான் பாதை ஓடும், ஒருத்தரும் ஏறாட்டி நிப்பாட்டிப் போடுவாங்க.

இத 1996ல ஒரு குரங்குப் பரிசோதனையில தெளிவாவே பாத்திருக்காங்க. ரன்டொல்ஃப் நூடோ எண்ட ஆராய்ச்சியாளரும் கூட இருந்த ஆக்களும், மூளையில கையை ஆட்டுற இடத்துல சின்னச் சேதம் வந்த குரங்குகளைப் பாத்தாங்க. பயிற்சி ஒண்டும் குடுக்காம விட்ட குரங்குகள்ல சேதம் வராத பக்கத்து இடம் கூட கைவேலையை விட்டுட்டு சுருங்கிப் போயிருந்திச்சு. குழிக்குள்ள இருந்து தீனி எடுக்கப் பழக்கின குரங்குகள்ல அந்த இடம் தப்பினது மட்டுமில்லாம, சிலதுல முழங்கைக்கும் தோளுக்கும் இருந்த இடத்துக்குள்ளயும் கைவேலை பரவியிருந்திச்சு. நான் இத வாசிச்ச அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்ல. ஏனெண்டா அதுவரைக்கும் ரெண்டு மாசமா அப்பாவுக்கு நாங்க தான் தீத்திக்கொண்டிருந்தம். அம்மா சோறு குழைச்சு வாயில வைப்பா, நான் முகம் துடைப்பன், தம்பி சாரம் கட்டி விடுவான். அவருக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது எண்ட பாசத்துல அந்தக் கைக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டம்.

இதுல நீங்க பிடிச்சுக்கொள்ள வேண்டியது ஒண்டுதான். மூளை தான் முயற்சி செஞ்ச வேலையைத்தான் பழகும், மற்றவங்க செஞ்சு குடுக்கிற வேலையைப் பழகாது.

வருத்தம் வந்த அந்த நேரம்

இது ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்த வீட்டுக்கும் தேவை, ஏனெண்டா ஒருக்கா வந்தவருக்குத் திரும்ப வர வாய்ப்புக் கூட. வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க ஏலாம விழுது, கதை குழறுது, இதுல ஒண்டு திடீரெண்டு வந்தாலே இலங்கையில 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் இலவசம். கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தார் எண்ட நேரத்தை எழுதி வையுங்க, டொக்டர்மார் முதல் கேக்கிற கேள்வி அதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி குடுக்கிறதெண்டா வருத்தம் தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கணும், அதுக்கு முதல் ஸ்கேன் எடுத்து அடைப்பா ரத்தக்கசிவா எண்டு பாக்கணும். அதால வீட்டில இருக்கிற அஸ்பிரினைக் குடுக்காதீங்க, தண்ணியும் தேத்தண்ணியும் பருக்காதீங்க, எண்ணெய் தேய்ச்சுப் பாத்துட்டுப் போவம் எண்டு நிக்காதீங்க. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஒண்டு அடைச்சா ஒரு நிமிசத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் கலம் சாகுது எண்டு கணக்குப் பாத்திருக்காங்க.

வார்ட்டில இருக்கேக்க

முதல் நாளே எழுப்பி நடத்திப் பழக்கினா கெதியா சரி வரும் எண்டு சொந்தக்காரர் வந்து அவசரப்படுத்துவாங்க. 2015ல வெளிவந்த பெரிய ஆய்வொண்டுல, 2104 நோயாளிகளைப் பாத்ததுல, முதல் 24 மணித்தியாலத்துக்குள்ள கடுமையா எழுப்பி நடத்தின ஆக்களுக்கு முடிவு கொஞ்சம் மோசமாத்தான் வந்திருக்கு. அதுக்காகப் படுத்தே கிடக்கிறதும் சரியில்ல. எப்ப இருத்தலாம், எப்ப நிக்க வைக்கலாம் எண்டு வார்ட்டில கேட்டு, கொஞ்சக் கொஞ்ச நேரமா கூட்டுங்க.

விழுங்குறது சரியா இருக்கா எண்டு பாத்தாச்சோ எண்டு நேர்ஸிட்டக் கட்டாயம் கேளுங்க. பாக்கிறதுக்கு முதல் வாயில ஒண்டும் குடுக்கக்கூடாது. குடிக்கேக்க இருமல், குடிச்ச பிறகு குரல் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி வாறது, சாப்பாடு கன்னத்துக்குள்ள தங்குறது எல்லாம் சாப்பாடு சுவாசப்பைக்குள்ள போறதுக்கு அடையாளம், அதால நியுமோனியா வந்து உயிரே போகலாம். நல்லா நிமிந்து இருந்து சின்னச் சின்ன வாயா சாப்பிடுறதும், சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது நிமிந்தே இருக்கிறதும் வீட்ட வந்த பிறகும் தொடரணும்.

பிறகு தோள். விழுந்த கைப்பக்கத்துத் தோள்மூட்டைப் பிடிச்சு வைக்கிற தசை தளந்து போயிருக்கும், அந்தக் கையைப் பிடிச்சு இழுத்து எழுப்பினா மூட்டு கழண்டு வந்து மாசக்கணக்கா நோகும். எங்கட அப்பாவைக் கட்டில்ல இருந்து மாத்தேக்க ஒருத்தர் கக்கத்துக்குள்ள கை போட்டு இழுத்தார், அந்தத் தோள்நோவால நாலு மாசம் அவர் கையைத் தூக்கவே மாட்டன் எண்டிட்டார், பயிற்சி எல்லாம் பின்னுக்குப் போச்சு. ஆரு வந்து தூக்கினாலும் இடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்க. படுக்கேக்க கைக்குக் கீழ தலகாணி, இருக்கேக்க மேசையில இல்லாட்டி மடியில தலகாணி வைச்சு அதுக்கு மேல கை.

வீட்ட வந்த முதல் கிழமை: வீட்டை மாத்துங்க

பயிற்சி எண்டோன்ன பந்து, ரப்பர் எண்டு வாங்க ஓடாதீங்க. முதல்ல வீட்டில இருக்கிற சாமான்களை இடம் மாத்துங்க. தண்ணிக் கோப்பை, மூக்குக் கண்ணாடி, ஃபோன், ரிமோட் எல்லாத்தையும் விழுந்த கைப்பக்கம் வையுங்க. கதைக்கப் போற ஆக்களும் அந்தப் பக்கத்துக் கதிரையிலேயே இருங்க. வலது மூளையில அடிபட்டு இடப்பக்கம் இயங்காமப் போன சில பேருக்கு இடது பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாமப் போகும், பீங்கான்ல வலது பாதிச் சோத்தை மட்டும் சாப்பிட்டுட்டு முடிஞ்சுது எண்டுவாங்க, கதவு நிலையில இடிப்பாங்க. அது பிடிவாதமோ விசரோ இல்ல, மூளை அந்தப் பக்கத்தைக் கவனத்துல எடுக்குதில்ல. அப்பிடியான ஆளுக்கு இடப்பக்கம் பளிச்செண்ட சிவப்புத் துணி ஒண்டு கட்டி, "சிவப்பு தெரியிற வரைக்கும் திரும்புங்க" எண்டு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சொல்லுங்க. ஆரம்பத்துல துணியை நடுவுக்குக் கிட்ட வையுங்க, பிறகு கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் தள்ளுங்க.

நிலத்துல கிடக்கிற பாய், கால்மிதி, வயர் எல்லாம் எடுங்க. குளிக்கிற இடத்துல பிடிக்கக் கம்பி ஒண்டு அடியுங்க. கிணத்தடி பாசி பிடிச்சுக் கிடந்தா உரஞ்சுங்க. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா எல்லா உழைப்பும் வீண்.

கைப் பயிற்சி: எண்ணிக்கை தான் மருந்து

இந்த இடத்தை ஆறுதலா வாசியுங்க. 2009ல வெளிவந்த ஆய்வொண்டுக்குப் பயிற்சி நிலையங்கள்ல போய் எண்ணிப் பாத்திருக்காங்க, ஒரு பயிற்சி நேரத்துல நோயாளி கையால உண்மையா ஒரு வேலையை செஞ்சு பாக்கிறது சராசரியா 32 தரம் தான். மிருகங்கள்ல மூளை மாறுறதைக் காட்டின ஆய்வுகள்ல ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தரம் செய்ய வைச்சிருக்காங்க. அப்ப பிசியோட்ட கூட்டிக்கொண்டு போய் வாறது காணும் எண்டு இருக்க ஏலாது. அங்க சரியான முறையைப் பழகிட்டு வந்து, எண்ணிக்கையை வீட்டில தான் கூட்டணும்.

நாங்க செஞ்ச முறை இது. அப்பாவுக்கு அர்த்தமுள்ள வேலை மூண்டைத் தெரிஞ்செடுத்தம், கோப்பையைத் தூக்கி வாய்க்குக் கொண்டு போறது, சாரம் சுருட்டி இறுக்கிறது, வலை ஊசி பிடிக்கிறது. ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டா உடைச்சம். கோப்பை எண்டா முதல்ல கையை மேசையில முன்னுக்குத் தள்ளுறது மட்டும், பிறகு விரலை விரிக்கிறது, பிறகு வெறும் பிளாஸ்டிக் கோப்பையைப் பிடிச்சு விடுறது, பிறகு தூக்கிறது, கடைசியா கால்வாசித் தண்ணியோட. விரலை மடக்கிறது கெதியா வரும், விரிக்கிறது தான் கஷ்டம், அதால பந்தைப் போட்டு நசுக்கச் சொல்லிக்கொண்டே இருக்காம பிடிச்சதை விடப் பழக்குங்க. விடிய பத்து நிமிசம், பத்து மணி போல பத்து நிமிசம், பின்னேரம் வெய்யில் தாழ்ந்த பிறகு ரெண்டு தரம். ஒரே இருப்பில ஒரு மணித்தியாலம் வேண்டாம், ஸ்ட்ரோக் வந்த மூளை கெதியா களைக்கும், களைச்ச பிறகு செய்றது பிழையான பழக்கத்தைத் தான் பதிக்கும். தோளைத் தூக்கிக்கொண்டும் உடம்பைச் சரிச்சுக்கொண்டும் செய்யத் தொடங்கினா அண்டைக்கு அது காணும்.

கஷ்டத்தின்ட அளவுக்கு எங்கட வீட்டுக் கணக்கு ஒண்டு இருக்கு, பத்துக்கு ஏழு தரம் சரி வந்தா அந்த அளவு நல்லது. பத்தும் சரி வந்தா கொஞ்சம் கடினமாக்குங்க, மூண்டு நாலு தான் வருதெண்டா லேசாக்குங்க. ஒரு ஒற்றை றூல் கொப்பியில திகதி போட்டு கோடு கோடா கீறுங்க. மறந்து போகாதீங்க, அந்தக் கொப்பி பிறகு எவ்வளவு உதவும் எண்டு கீழ சொல்றன்.

நல்ல கையைக் கட்டி வைக்கிற முறை ஒண்டும் இருக்கு. எட்வேட் டௌப் எண்ட விஞ்ஞானி குரங்குகள்ல கண்டுபிடிச்சது என்னெண்டா, விழுந்த கையால திரும்பத் திரும்ப முயற்சி செஞ்சு தோத்தா, பிறகு அந்தக் கை கொஞ்சம் தேறினாலும் குரங்கு அதைப் பாவிக்கிறதையே விட்டுடும், பாவிக்காம இருக்கப் பழகிடும். நல்ல கையைத் தடுத்தா விழுந்த கை திரும்ப வேலைக்கு வருது. இத மனுசரில செஞ்சு பாத்த ஆய்வு 2006ல வந்திச்சு, ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாசமான 222 பேர், நல்ல கைக்கு உறை போட்டு முழிச்சிருக்கிற நேரத்துல 90 சதவீதம் அதைப் பாவிக்காம, ரெண்டு கிழமை கடும் பயிற்சி. கை நல்லாத் தேறினது மட்டுமில்ல, ஒரு வருசத்துக்குப் பிறகும் அது நிண்டிருக்கு. ஆனா மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிர ஏலுமான ஆளுக்குத் தான் இது சரி, முழுசாத் தளந்த கைக்கு இது சித்திரவதை. பிசியோ ஓம் எண்டாத் தான் செய்யுங்க, நடக்கேக்க கட்டாயம் கழட்டி விடுங்க, விழப்போனா பிடிக்க அந்தக் கை வேணும். நாங்க காலமை ஒரு மணித்தியாலம் மட்டும் சமையலறைக் கையுறை போட்டம்.

கை துளியும் அசையாட்டி? கண்ணாடி இருக்கு. தமிழ்நாட்டில பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த ஆக்களுக்கு இல்லாத கையில வாற நோவுக்கு எண்டு 1990களில கண்ணாடி முறையைக் கொண்டு வந்தார், பிறகு அது ஸ்ட்ரோக்குக்கும் வந்திச்சு. நெஞ்சுக்கு நேரா மேசையில கண்ணாடியை நிமித்தி வைச்சு, விழுந்த கையைப் பின்னுக்கு மறைச்சு, நல்ல கையின்ட விம்பத்தைப் பாத்துக்கொண்டு ரெண்டு கையையும் ஒண்டா ஆட்டப் பாக்கிறது. மோதிரம், மணிக்கூடு கழட்டுங்க, அப்பத்தான் அது மற்றக் கை மாதிரித் தெரியும். பழைய அலுமாரிக் கண்ணாடியே காணும், விளிம்பில ரேப் சுத்துங்க.

எண்ணெய் தேய்க்கிறதைப் பற்றிக் கேப்பீங்க. தேய்க்கலாம், உடம்புக்குச் சுகம், மூட்டு இறுகாம மெல்ல மடக்கி நீட்டி விடுறதும் தேவை. ஆனா தேய்க்கேக்க உழைக்கிறது தேய்க்கிறவர், மூளை சும்மா கிடக்கு. அத பயிற்சிக் கணக்குல எழுதாதீங்க. கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க எண்டும் சொல்லுவாங்க, போங்க, வெளியில போறது மனசுக்கு நல்லது, ஆனா விழுந்த பக்கத்துக்குச் சூடு தெரியாம இருக்கலாம், தண்ணியை முதல்ல உங்கட கையால பாருங்க, வீட்டில சுடுதண்ணி வாக்கேக்கயும் அப்பிடித்தான்.

கால்

இது கையை விடக் கெதியாத் தேறுற வழக்கம், அதால சுருக்கமா. கதிரையில இருந்து எழும்பி இருக்கிறதுதான் முதல் பாடம். ரெண்டு காலுக்கும் பாரம் சமமாப் போகுதோ எண்டு பாருங்க, நல்ல காலிலேயே எழும்பப் பழகினா மற்றது சோம்பிப் போகும். நீங்க அவரின்ட விழுந்த பக்கத்துல நிண்டு இடுப்பைப் பிடியுங்க. நடை வந்த பிறகு டச் பே பக்கம் றோட்டோரமா ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு வரைக்கும், அடுத்த கிழமை ரெண்டு கல்லு. கடற்கரை மணல்ல ஆரம்பத்துல நடத்தாதீங்க, கால் இழுபடும்.

கதை

அப்பாவுக்கு நாங்க கதைக்கிறது கனக்க விளங்கும், சொல்ல வராது. இடது மூளையின்ட முன்பக்கத்துல பேச்சுக்கு ஒரு இடம் இருக்கு எண்டு பிரான்ஸில போல் புரோக்கா 1861ல காட்டினது இப்பிடியான ஒரு ஆளை வைச்சுத்தான், அவரால சொல்ல ஏலுமா இருந்தது டான் எண்ட ஒரு சத்தம் மட்டும். எங்கட அப்பாவுக்கு "அது" எண்ட சொல் மட்டும் மிஞ்சியிருந்திச்சு. சாப்பாடும் அது, அம்மாவும் அது, கோவமும் அது.

ஒரு நாள் கரையில வலை இழுக்கிற சத்தம் ஃபோன் வீடியோ ஒண்டில கேட்டிச்சு, வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டுப் பாடுறாங்க. கட்டில்ல இருந்த மனுசன் ஏலேலோ எண்டு கூடவே எடுத்தார், ஒரு சொல் கூடப் பிசகாம. அம்மா அடுப்பை விட்டுட்டு ஓடி வந்தா. பேச ஏலாத ஆள் பாடுறது அதிசயம் இல்ல, பாட்டும் தாளமும் வாயில பழகின சொல்லும் மூளையில வேற இடங்களையும் பிடிச்சுக்கொண்டு வாறது. இத வைச்சே 1973ல அமெரிக்காவுல ஒரு பேச்சுப் பயிற்சி முறையை உண்டாக்கினாங்க, தேவையான வசனத்தை ராகமா இழுத்து, இடது கையால தட்டித் தட்டிச் சொல்லி, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறது. ஸ்பீச் தெரபி மிஸ்ஸிட்ட கேட்டுட்டு நாங்க "தண்-ணி-தா" எண்டதை அம்பா மெட்டுல இழுத்தம், ஒரு சொல்லுக்கு ஆறு கிழமை போச்சு. உங்கட வீட்டில தேவாரமோ கஸீதாவோ ஜெபமோ எது நாவில ஊறியிருக்கோ அதுல தொடங்குங்க, ஒண்டு ரெண்டு மூண்டு எண்ணுறது, கிழமை நாள் சொல்றதும் நல்லது.

அவர் சொல்லைத் தேடேக்க நீங்க முந்திக்கொண்டு சொல்லாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. டீவியை நிப்பாட்டுங்க, ஒரு ஆள் மட்டும் கதையுங்க, கேள்வியை ஓம் இல்ல எண்டு முடியிற மாதிரிக் கேளுங்க. காது கேக்காத ஆளோட கதைக்கிற மாதிரிக் கத்தாதீங்க. சின்னப்பிள்ளை மாதிரியும் நடத்தாதீங்க, புத்தி அப்பிடியே இருக்கு, சொல் தான் இல்ல.

மனசு, நித்திரை, குளிசை

ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூண்டில ஒராளுக்கு மனச்சோர்வு வரும். சாப்பிட மாட்டார், பயிற்சிக்கு வர மாட்டார், சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பார். நன்றி கெட்ட குணம், பிடிவாதம் எண்டு ஏசாதீங்க, கிளினிக்ல டொக்டரிட்ட வாய் திறந்து சொல்லுங்க, அதுக்கு மருந்து இருக்கு. காரணமே இல்லாம அழுகையோ சிரிப்போ வெடிக்கிறதும் சில பேருக்கு வரும், அதுவும் மூளைக் காயத்தால வாறது, சொல்லுங்க. பகல்ல பழகினது இரவு நித்திரையில தான் மூளைக்குள்ள உறையுது, அதால ராவு பத்து மணி வரைக்கும் விருந்தாளி வைச்சிருக்காதீங்க.

பிரஷர் குளிசையை நல்லா இருக்கு எண்டு நிப்பாட்டிறது தான் ரெண்டாவது ஸ்ட்ரோக்குக்கு வாசல் திறக்கிறது. கருவாடும் ஊறுகாயும் எங்கட பக்கத்துச் சாப்பாடு தான், எனக்கும் தெரியும், ஆனா அதுல உப்பு சரியாக் கூட. சுருட்டு, பீடி முழுசா விடணும்.

நிண்டு போச்சு எண்டு தோணுற நேரம்

முதல் மூண்டு மாசம் ஓட்டம் கூட, பிறகு மெதுவாகும். ஆறு மாசம் முடிஞ்சா இனி வராது எண்டு எங்களுக்கும் ஒராள் கையை விரிச்சார். நான் மேல சொன்ன 2006 ஆய்வுல ஒன்பது மாசமான ஆக்களும் தேறியிருக்காங்க. பெத்ரோ பக்-இ-ரீட்டா எண்ட வயசான வாத்தியார் ஒராளுக்கு 1950களின்ட கடைசியில பாரிசவாதம் வந்து கதையும் நடையும் போச்சு. மகன் ஒருத்தர் அவரைக் குழந்தை மாதிரித் தவழ விட்டுத் தொடங்கி, சட்டி கழுவ வைச்சு, வருசக்கணக்கா பழக்கி திரும்பப் படிப்பிக்கப் போற அளவுக்குக் கொண்டு வந்தார். 1965ல அவர் மலை ஏறேக்க மாரடைப்பு வந்து செத்த பிறகு மூளையைத் திறந்து பாத்தா, பழைய சேதம் அப்பிடியே பெருசா இருந்திச்சு. போல் எண்ட மற்ற மகன் அத வைச்சுத்தான் தன்ட மிச்ச வாழ்க்கை முழுக்க மூளை மாறுறதைப் பற்றி ஆராய்ச்சி செஞ்சார். எல்லாரும் அப்பிடி மலை ஏற மாட்டாங்க, சேதத்தின்ட அளவு, இடம், வயசு எல்லாம் இருக்கு, பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு விருப்பமில்ல.

நிண்ட மாதிரித் தெரிஞ்சா கொப்பியை எடுத்து மூண்டு மாசத்துக்கு முந்தின பக்கத்தைப் பாருங்க, நாளாந்தம் தெரியாதது அதுல தெரியும். உண்மையாவே நிண்டிருந்தா வேலையை மாத்துங்க, கோப்பைக்குப் பதில் கரண்டி, கரண்டிக்குப் பதில் சேர்ட் பட்டன். காய்ச்சல், சளி வந்த நாள்ல பழைய பலவீனம் திரும்பின மாதிரி இருக்கும், சுகமானா அதுவும் போகும், ஆனா திடீரெண்டு வந்த பலவீனம் எண்டா காய்ச்சல் எண்டு வீட்டில வைச்சுப் பாக்காம உடன 1990.

எங்கட கொப்பியில முதல் பக்கத்துல "விரல் விரிப்பு, 6" எண்டு தான் இருக்கு. பதினாலாம் மாசம் அப்பா வலை ஊசியைப் பிடிச்சு ஒரு முடிச்சுப் போட்டார், இழுத்தா கழண்டுது, தானே அவிட்டுத் திரும்பப் போட்டார். நேத்து 62 முடிச்சு. இண்டைக்குக் கச்சான் காத்து பலம், முத்தத்துல இருக்க ஏலாது எண்டு கையால காட்டிட்டு 40ஓட எழும்பி வந்திட்டார்.